ரேட் இல்லாத கதை

2004ல் நான் ஒரு சிறுகதை எழுதினேன். தலைப்பு 'கங்காணி'. சிறுபத்திரிகை ஒன்றில் வந்தது. லண்டனில் கம்ப்யூட்டர் கான்ட்ராக்டராக இருக்கும் ஒருவன். வேலை போய் ஏழு மாதம். டெலிபோன் வழியாக மட்டுமே தெரிந்த ஓர் ஏஜெண்ட் அவனுக்கு ஆசை காட்டி, அலைக்கழித்து, கடைசியில் ஒரு மட்டமான வேலையில் கொண்டுபோய்த் தள்ளுகிறான். ஏஜெண்டுக்குக் குரல் உண்டு, முகம் கிடையாது. இதைக் கதையின் சாதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். ஒருவர் அந்நியமாதல் என்றார். இன்னொருவர் காஃப்கா என்றார். நம் வட்டத்தில் காஃப்கா என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் பேச்சு நின்றுவிடும், நின்றுவிட்டது.

விமர்சனம் என்று சொல்லத் தகுந்ததை ஒரே ஒருவர்தான் செய்தார். அவர் எழுத்தாளர் இல்லை. இலக்கியப் பத்திரிகை படிக்கும் வழக்கமும் இல்லாதவர். நான் கொடுத்தேன் என்பதற்காகப் படித்தார். இரண்டு தரம் படித்ததாகச் சொன்னார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் எழுதியிருக்கிறீர் தம்பி. ஆனா ரேட் எவ்வளவெண்டு ஓரிடத்திலையும் இல்லையே."

பாவம், மணிக்கணக்குக்கு விலை பேசியே பழகிய மனம் கதையிலும் அதைத்தான் தேடுகிறது என்று அன்று நினைத்தேன். அவர் சொன்னதுதான் அந்தக் கதையைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் என்று புரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது. இங்கே எழுதுவது அந்த ஒரு வரிக்கு வியாக்யானம்.

1

தொழிலைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்மில் பலருக்கு ஐ.டி. என்றால் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டிடமும், கழுத்தில் தொங்கும் அட்டையும், மாதச் சம்பளமும்தான். இங்கிலாந்துக் கான்ட்ராக்டர் வேறு. அவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்தம். மணிக்கு இவ்வளவு. லீவுக்குக் காசில்லை, காய்ச்சலுக்கும் காசில்லை. உட்கார்ந்து வேலை செய்வது ஒரு வங்கியிலோ இன்ஷூரன்ஸ் கம்பெனியிலோ. ஒப்பந்தம் அந்தக் கம்பெனியோடு அல்ல, ஏஜென்ஸியோடு. அதிலும் ஒப்பந்தம் செய்துகொள்வது அவன் என்ற மனிதன் அல்ல. அவன் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு லிமிடெட் கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு அவனே டைரக்டர், அவனே ஒரே சிப்பந்தி. சட்டப்படி அன்று ஒரு காரியதரிசியும் வேண்டியிருந்தது. அது பெரும்பாலும் மனைவி. என் மனைவி அந்தப் பதவியில் பத்து வருஷம் இருந்தாள். அவள் பெயரைப் போட்டுக் கடிதம் வரும்போதெல்லாம் சிரிப்பாள்.

1973ம் வருஷத்துச் சட்டப்படி வேலை தேடுகிறவனிடம் ஏஜென்ஸி கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே அதன் வருமானம் இடைவெளியில் இருக்கிறது. வாடிக்கைக் கம்பெனி மணிக்கு இவ்வளவு என்று ஏஜென்ஸிக்குக் கொடுக்கிறது. ஏஜென்ஸி மணிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிறது. நடுவில் நிற்பது ஏஜென்ஸியின் பங்கு. அது எவ்வளவு என்று கான்ட்ராக்டருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அன்று இல்லை. ஏஜென்ஸி நடத்த லைசென்ஸ் வேண்டும் என்ற விதியும் 1995ல் எடுபட்டுவிட்டது. ஒரு மேஜை, ஒரு டெலிபோன், வாயாடத் தெரிந்த ஓர் இளைஞன் போதும்.

நல்ல காலத்தில் இதெல்லாம் யாருக்கும் உறுத்தவில்லை. வருஷத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் வைத்து எழுதிய பழைய புரோகிராம்கள் 2000 பிறந்ததும் குழம்பிவிடும் என்ற பயம் 1998லும் 1999லும் எங்களுக்குச் சோறு போட்டது. கோபோல் என்ற கிழட்டு மொழி தெரிந்தவனைத் தேடி வந்து அழைத்துப் போனார்கள். அடுத்து இன்டர்நெட் ஜுரம். 2000 மார்ச்சில் அமெரிக்காவில் நாஸ்டாக் உச்சிக்குப் போய்ச் சரிந்தது. சரிவின் சத்தம் எங்கள் டெலிபோனுக்கு வந்து சேர ஒரு வருஷம் ஆயிற்று. 1999ல் என் சி.வி.யை வெளியே விட்ட அன்றே ஆறு ஏஜெண்டுகள் கூப்பிட்டார்கள். 2002ல் நான் ஆறு ஏஜெண்டுகளைக் கூப்பிட்டால் ஒருவன் எடுத்தான்.

2

ஏஜெண்ட் பொய் சொல்வான் என்பது கான்ட்ராக்டர்களுக்கு வேதவாக்கு. பொய்களின் வகையும் எல்லோருக்கும் தெரியும். இல்லாத வேலைக்கு விளம்பரம் செய்வான், சி.வி.க்கள் சேரட்டும் என்று. கேட்காமலே உங்கள் சி.வி.யை நான்கு இடங்களுக்கு அனுப்புவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியவனைக் கூப்பிட்டு ரேட் கொஞ்சம் குறைந்துவிட்டது என்பான். மற்ற இடங்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவனுக்கு அப்போது போக்கிடம் இருக்காது.

இந்தப் பொய்கள் எங்களைச் சிறந்த வாசகர்களாக ஆக்கின. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஒரே வேலையை மூன்று ஏஜென்ஸிகள் மூன்று விதமாக விளம்பரம் செய்யும். ஒருவனுடைய சி.வி. இரண்டு ஏஜென்ஸி வழியாகப் போய்ச் சேர்ந்தால், யாருக்குப் பங்கு என்ற வம்பு எதற்கென்று வாடிக்கைக் கம்பெனி இரண்டையும் ஒதுக்கிவிடும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன் இந்த விளம்பரமும் அந்த விளம்பரமும் ஒன்றா என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஊர், காலம், கேட்கும் திறமைகளின் வரிசை, ஒரு எழுத்துப்பிழை இவற்றை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் பார்த்த உ.வே.சா.வின் சிரத்தை அது. நம் கவிதைகளில் ஒன்றையாவது யாராவது இந்தச் சிரத்தையோடு படித்திருக்கிறார்களா என்று நான் யோசித்ததுண்டு. ஒரு வித்தியாசம்: அந்தப் பிரதிகளில் பாதிக்குப் பின்னால் பொருளே இல்லை. இல்லாத ஒன்றைப் பற்றிய வாக்கியத்தில் அர்த்தம் தேடித் தேடி மனிதர்கள் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தார்கள்.

ஆனால் என் கதையில் நான் கவனிக்கத் தவறியது பொய்யை அல்ல. பொய்யைத்தான் நிறைய எழுதியிருந்தேன். கவனிக்கத் தவறியது இலக்கணத்தை.

ஏஜெண்டின் பேச்சில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். ரேட் குறைந்துவிட்டது. வாடிக்கையாளரிடமிருந்து சத்தமில்லை. மார்க்கெட் படுத்திருக்கிறது. ஓர் இடம் காலியாகியிருக்கிறது. தமிழில் தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். குறைந்தது என்பது ஒன்று, குறைத்தான் என்பது வேறு. ஏஜெண்டின் மொழியில் பிறவினையே கிடையாது. யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நடக்கிறது, மழை மாதிரி. மந்த காலத்தில் ஒரு தேசம் முழுவதும் இந்த இலக்கணத்தில்தான் பேசும். ஆட்களை நீக்கினார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. எண்ணிக்கை குறைந்தது என்பார்கள்.

என் கதையை இப்போது எடுத்துப் பார்த்தால் ஏஜெண்டின் மொழியைக் கிண்டல் செய்து இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். கதையின் முக்கியமான திருப்பத்தில், ஏஜெண்ட் பேசாத இடத்தில், ஆசிரியனாகிய நானே சொல்கிறேன்: பிப்ரவரியில் ஓர் இடம் காலியாயிற்று. அவ்வளவுதான். யார் காலி செய்தது, யாரைக் காலி செய்தது என்ற கேள்வி அங்கே எழவில்லை. வில்லனின் இலக்கணத்தில் ஆசிரியன் எழுதுகிறான். அவனுக்கே தெரியவில்லை. அவனைப் பாராட்டியவர்களுக்கும் தெரியவில்லை.

3

'கங்காணி' என்ற தலைப்பைப் பற்றி. அது எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணியைப் பற்றி நம்மில் யாருக்குத்தான் தெரியாது. கடலைத் தாண்டிப் போன தமிழன், நடுவில் ஒரு தரகன், ஆளுக்கு இவ்வளவு என்று தரகனுக்குக் காசு. உவமை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தானாக வந்து உட்காரும் உவமையை முதலில் சந்தேகிக்க வேண்டும். நான் சந்தேகிக்கவில்லை.

கங்காணி யார்? அதே ஊர்க்காரன். பெரும்பாலும் உறவினன், அல்லது உறவு சொல்லி அழைக்கக்கூடியவன். ஊரில் வந்து முன்பணம் கொடுத்து, கடனைக் கொடுத்து, அந்தக் கடனால் ஆளைக் கட்டிவைத்தான். இலங்கையில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இந்தத் தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கொடுத்தால் விடுகிறோம் என்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதும் சீட்டு. 1921ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கங்காணியின் கொடுமை நெருக்கத்தின் கொடுமை. அவனுக்கு உங்கள் தாய் தகப்பனைத் தெரியும். நீங்கள் ஓடிவிடக் கூடாது என்பது அவன் கவலை.

எங்கள் ஏஜெண்டுக்கு நாங்கள் ஓடினால் கவலை இல்லை. எங்களை அவன் பார்த்ததே இல்லை. எனக்குக் கடன் கொடுத்தது அவன் அல்ல, என் கிரெடிட் கார்டு. அவனே இருபத்து மூன்று வயசுப் பையன். ஒரு நாளைக்கு இத்தனை பேரைக் கூப்பிட வேண்டும் என்று அவன் தலைக்கு மேல் ஓர் எண்ணிக்கை. சொற்பச் சம்பளம், மீதி கமிஷன். 2002ல் நான் திட்டிக்கொண்டிருந்த ஏஜெண்டைத் தேடி 2003 கோடையில் கூப்பிட்டால், அவர் இங்கே இப்போது இல்லை என்று வேறொரு குரல் சொல்லிற்று. அங்கேயும் இடம் காலியாகியிருந்தது.

ஆக, உவமை பொய். பொய்யான உவமை ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது: ஏஜெண்டைக் கங்காணி ஆக்கியதும் நான் தோட்டத் தொழிலாளி ஆகிவிட்டேன். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் காட்டிய மனிதர்களின் பக்கத்தில் ஹாரோவில் வீட்டுக் கடன் வைத்திருக்கும் ஒரு லிமிடெட் கம்பெனி டைரக்டர் போய் உட்கார்ந்துகொண்டான். அவர்களுடைய துயரத்தைக் கடன் வாங்கி என் கதைக்கு முதலீடு செய்தேன். கூச்சம்கூட வரவில்லை.

4

நம் நவீனச் சிறுகதை குமாஸ்தாவோடு நெருங்கி வளர்ந்தது. மாசக் கடைசி, வாடகை பாக்கி, மானேஜரின் கோபம், கிழிந்த குடை. அந்தக் கதைகளின் தர்மம் இரக்கம். குமாஸ்தா யாரையும் சுரண்டுவதில்லை. சுரண்ட அவனுக்கு வசதியில்லை. ஆகவே அவன் மேல் வைக்கும் இரக்கம் பெரும்பாலும் நியாயமாக இருந்தது. அந்த உருவம் நம் கைக்குப் பழகிவிட்டது. யாரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அவன் குமாஸ்தா ஆகிவிடுகிறான்.

கணினித் துறை ஆட்கள் நம் எழுத்துக்குள் வரவில்லை என்று சொல்ல முடியாது. இரா. முருகனின் 'மூன்று விரல்' வந்தது. விநாயக முருகனின் 'ராஜீவ்காந்தி சாலை' வந்தது. அவற்றின் தராதரம் இங்கே என் விஷயமில்லை. நான் சொல்வது, சம்பளமில்லாத, முதலாளியில்லாத, தானே ஒரு கம்பெனியாக இருக்கிற மனிதனைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு, குமாஸ்தாக் கதையின் இரக்கத்தைத் தவிர வேறு கருவி தெரிந்திருக்கவில்லை என்பதைத்தான்.

கருவி நம்மிடம் இல்லாமலும் இல்லை. அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' இருந்தது. சினிமாத் தொழில் அன்றாடக் கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் ஆட்களைத் திரட்டிக் கலைக்கும் தொழில். அந்த நாவலில் ஆட்களைத் திரட்டி அழைத்துப் போகும் ப்ரொடக்ஷன் மானேஜர் நடராஜன் இடையில் நிற்பவன்தான். ஆனால் அவன் வில்லன் இல்லை. அவனுக்கு மேலேயும் கீழேயும் இருப்பவர்களும் வில்லன்கள் இல்லை. எல்லோரும் ஒரு காரியத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். வில்லன் இல்லாததால்தான் அங்கே என்ன நடக்கிறது என்பது தெரிகிறது. நான் அந்த நாவலை மூன்று தரம் படித்திருந்தேன். படித்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதற்கு என் கதை சாட்சி.

5

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

1999லிருந்து 2001 வரை லண்டனுக்குத் தெற்கே ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தேன். என் பக்கத்து மேஜை யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவருடையதைப் புதுப்பித்தார்கள். அதற்கப்புறம் வேறோர் இடத்தில் கொஞ்ச நாள். 2002 ஜூலையிலிருந்து வேலையில்லை. அவர் வாரம் ஒருமுறை கூப்பிடுவார். ஏஜெண்டுகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான். "ஆரிட்டை வேலை செய்தனீர், மனேஜருக்கு என்ன பேர் எண்டு கேப்பாங்கள். சொல்லிப்போடாதையும். வேலை ஒண்டும் இராது. பேர்தான் அவங்களுக்கு வேணும்."

இது தொழிலில் தெரிந்த தந்திரம். இல்லாத ஒரு வேலையைச் சொல்லி, ரெஃபரன்ஸ் என்று பெயர் வாங்கி, அந்த மானேஜரைக் கூப்பிட்டு, உங்களிடம் இருப்பவர்களைவிட மலிவாக ஆள் தருகிறேன் என்று சொல்வது.

2003 ஜனவரியில் ஓர் ஏஜெண்ட் கூப்பிட்டான். ஆறு மாத வேலை, உடனே அனுப்ப வேண்டும், இரண்டு ரெஃபரன்ஸ் இல்லாமல் வாடிக்கையாளர் பார்க்கமாட்டார். நான் பெயரைச் சொன்னேன். அண்ணையின் மானேஜர் பெயர். தெரியாமல் சொன்னேன் என்று என் கதையில் வருகிறது. தெரிந்துதான் சொன்னேன். அவர் சொல்லிக்கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏழாவது மாதத்தில் ஒருவேளை இந்த ஒன்று நிஜமாக இருக்கலாம் என்ற நினைப்பு அந்த ஞாபகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வேலை வரவில்லை. மூன்று வாரம் கழித்து அதே ஏஜெண்ட் வேறொரு வேலையோடு வந்தான். ஓர் இடம் காலியாகியிருக்கிறது என்றான். எந்த ஊர் என்று சொன்னதும் எனக்குப் புரிந்துவிட்டது. யாருடைய இடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருக்கமாட்டான் என்று பல வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே. அந்த வாரம் அவரை நான் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை போனேன். அவருடைய மேஜைதான். மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் அவர் கையெழுத்தில் இரண்டு டெலிபோன் எண்கள் ஒட்டியிருந்தன. அவருக்கு ஒரு வார நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள்.

அன்று இரவு அவரே கூப்பிட்டார். "வேறை ஆரும் வந்து இருக்கிறதைவிட நீர் வந்தது சந்தோசம் தம்பி" என்றார். எதையும் உள்ளே வைத்துச் சொல்லவில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, மாசக் கடைசியில் ஓடும் எந்தப் புரோகிராம் தகராறு செய்யும் என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

என் கதையில் இந்த மேஜை இல்லை. மஞ்சள் சீட்டு இல்லை. இந்த மனிதரே இல்லை. கதையில் எழுதியவற்றில் ஏறக்குறைய எல்லாம் நடந்தவை. நடந்ததில் முக்கியமானது மட்டும் விட்டுப்போயிற்று. ரேட்டை எழுதியிருந்தால் இந்த மனிதர் தானாகக் கதைக்குள் வந்திருப்பார். எப்படி என்று கணக்கைப் பாருங்கள்.

அண்ணைக்கு மணிக்கு 42 பவுண்டு. அவருக்காகக் கம்பெனி ஏஜென்ஸிக்குக் கொடுத்தது 48. மானேஜரே ஒருமுறை சொல்லியிருந்தார். எனக்கு 26. எனக்காகக் கம்பெனி கொடுத்தது 36. பிரிண்டரில் மறந்து வைத்திருந்த ஒரு காகிதத்தில் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் 16 பவுண்டு மறைந்துபோயிற்று. அதில் 12 கம்பெனிக்கு மிச்சம். 4 ஏஜென்ஸிக்குக் கூடுதல்.

ரேட் என்பது தனியாக நிற்கும் எண் இல்லை. 26 என்று எழுதினால் முன்பு எவ்வளவு என்ற கேள்வி வரும். முன்பு என்றால் முன்பு யார் என்ற கேள்வி வரும். ஏஜெண்டின் பங்கு 4, கம்பெனியின் பங்கு 12 என்று எழுதினால், இந்த வில்லன் இந்தக் கதையின் கால்வாசிதான் என்பதும் தெரிந்துபோகும். கதாநாயகன் எந்தப் பக்கம் என்பதும் தெரியும். ஆகவே நான் ரேட்டை எழுதவில்லை. கலை காரணமாக, வெறும் தகவல் வேண்டாம் என்று விட்டேன் என்றுதான் அன்று நம்பினேன். கலை காரணம் என்று நாம் சொல்லும் இடங்களையெல்லாம் இனி ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

6

இங்கிலாந்து வரிச் சட்டம் இந்த விஷயத்தில் நம் எழுத்தாளர்களைவிடக் கற்பனை உள்ளது. 1999 மார்ச் 9ம் தேதி, பட்ஜெட் அன்று, வரி இலாகா 35 என்று எண்ணிட்ட ஒரு பத்திரிகைக் குறிப்பை வெளியிட்டது. 2000 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது. ஐஆர்35 என்ற எண்ணே பெயராக நிலைத்துவிட்டது. அதன் கேள்வி இது: நடுவில் இருக்கும் உன் கம்பெனி, ஏஜென்ஸி எல்லாவற்றையும் எடுத்துவிடு. நீயும் வாடிக்கைக் கம்பெனியும் நேரடியாக ஓர் ஒப்பந்தம் செய்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? முதலாளியும் சிப்பந்தியும் போல் இருந்திருக்குமானால் சிப்பந்தியின் வரியைக் கட்டு. இல்லாத அந்த ஒப்பந்தத்தைக் கற்பித்துக்கொண்டுதான் நீதிபதி தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து தப்ப எங்கள் ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து சேர்த்தார்கள். கான்கிரீட் கலவை லாரி ஓட்டிய ஒருவரைப் பற்றிய வழக்கில் ஒரு தத்துவம் நிலைபெற்றிருந்தது: சிப்பந்தி என்பவன் தன் கையாலேயே வேலை செய்ய வேண்டியவன், தனக்குப் பதில் வேறொருவனை அனுப்பத் தாராளமான உரிமை உள்ளவன் சிப்பந்தி அல்ல. ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், கான்ட்ராக்டர் தனக்குப் பதில் தகுதியுள்ள வேறொருவரை அனுப்பலாம் என்ற வாசகம் வந்தது. நான் அறிந்த ஒருவரும் அப்படி அனுப்பியதில்லை. வரி இலாகாவுக்காக எழுதிய அலங்காரம் என்று சிரிப்போம். 2003 பிப்ரவரியில் அந்த ஷரத்து நிறைவேறியது. அண்ணைக்குப் பதில் தகுதியுள்ள வேறொருவர் போனார். அனுப்பியது அவர் அல்ல என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நடுவில் இருப்பவனை எடுத்துவிட்டுப் பார் என்று சட்டம் கேட்டதைத்தான் என் கதை கேட்டிருக்க வேண்டும். ஏஜெண்டை எடுத்துவிட்டால் மேடையில் யார் மிஞ்சுகிறார்கள்? ஒரு மேஜை. அதில் நேற்று உட்கார்ந்தவர். இன்று உட்காருபவன். ஏஜெண்ட் மேடை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றதால் இவர்கள் இருவரும் சந்திக்க வேண்டியிருக்கவில்லை. என் கதையில் ஏஜெண்டின் உண்மையான உத்தியோகம் அதுதான்.

2008 செப்டம்பர் 15ம் தேதி லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அதற்கடுத்த மாதங்களில் லண்டனில் பல வங்கிகள் கான்ட்ராக்டர்களின் ரேட்டை ஒரே வீச்சில் 10 சதவீதம், சில இடங்களில் அதற்கு மேலும் குறைத்தன. அப்போது நான் ஒரு வங்கியில் இருந்தேன். ஏஜென்ஸி வழியாகக் கடிதம் வந்தது: சம்மதம் என்று கையெழுத்திடவும், இல்லையேல் ஒப்பந்தம் முடியும். சாப்பாட்டு மேஜையில் பதினைந்து பேர் உட்கார்ந்து ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று பேசினோம். ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: நாமெல்லாம் கம்பெனிகள், ஐயா. கம்பெனிகள் கூடி விலை பேசிக்கொள்வதை 1998ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. எல்லோரும் சிரித்தோம். வெள்ளிக்கிழமைக்குள் பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். நான் புதன்கிழமையே போட்டுவிட்டேன். வேறு யாராவது போட்டிருப்பார்களோ என்ற பயம்.

சட்டம் அப்புறமும் மாறியது. 2021 ஏப்ரலிலிருந்து, சிறிய கம்பெனிகளைத் தவிர, யார் சிப்பந்தி என்பதை வாடிக்கைக் கம்பெனியே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. பலர் தங்கள் கம்பெனியை மூடிவிட்டு 'அம்ப்ரெல்லா' என்று சொல்லப்படும் வேறு கம்பெனிகளின் குடைக்குள் போனார்கள். நடுவில் இன்னொரு கை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் இந்த மாற்றத்தை ரத்து செய்வதாக ஒரு நிதியமைச்சர் அறிவித்தார்; அக்டோபரில் அடுத்தவர் வந்து ரத்தை ரத்து செய்தார். தன்வினையில் பேசும் மொழி மட்டும் மாறவில்லை. இப்போது அதை மனிதன் பேச வேண்டிய அவசியமும் குறைந்துவருகிறது.

அண்ணைக்கு அதற்கப்புறம் கம்ப்யூட்டர் வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் டாக்சி ஓட்டினார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சிற்றூழியம். அவருடைய வாழ்க்கையைக் கதையாக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவேண்டாம். எழுத எனக்கு அருகதை இல்லை என்ற நாடகமும் ஆடமாட்டேன். எழுதினால் மறுபடியும் இரக்கம் வந்துவிடும். இந்தத் தடவை அவர் மேல். அவர் கேட்டது இரக்கம் அல்ல.

அவர் அந்தக் கதையைப் படித்தபோது பெயரைச் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. தெரிந்திருக்கும் என்றுதான் படுகிறது. தெரிந்த மனிதர், நீ இதைச் செய்தாய் என்று சொல்லவில்லை. கதையில் இன்னது இல்லை என்று மட்டும் சொன்னார். விமர்சகன் செய்ய வேண்டிய காரியம் அதுதான்.

அவருக்கு 42. எனக்கு 26. கதையின் முதல் வரியாக இது இருந்திருக்க வேண்டும்.